மாசு இடம் மாறுகிறதா? வணிகமும் சுற்றுச்சூழல் சட்டமும் பற்றி ஓர் எளிய விளக்கம்

2008-இல் அமெரிக்கா ஒரு விதியைக் கடுமையாக்கியது. காற்றில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பு அதுவரை ஒரு கன மீட்டருக்கு 1.5 மைக்ரோகிராம். அதைப் பத்தில் ஒரு பங்காக, 0.15 மைக்ரோகிராமாகக் குறைத்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கருவில் இருக்கும் சிசுவையும் விடாது. எனவே அந்த விதி நல்ல விதிதான்.

இதனால் அதிக நெருக்கடிக்கு ஆளானவை பழைய கார் பேட்டரிகளை உடைத்து, உருக்கி, உள்ளே இருக்கும் ஈயத்தைத் திரும்ப எடுக்கும் ஆலைகள். புதிய வரம்புக்குள் நிற்க அவை பெரிய தொகை செலவழிக்க வேண்டியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் பழைய வரம்பே நீடித்தது. இரு நாடுகளுக்கும் இடையே தாராள வணிக ஒப்பந்தம் வேறு இருந்தது. பழைய பேட்டரிகள் லாரி லாரியாகத் தெற்கே போயின. ஷின்சுகே தனாகா, கென்சுகே தெஷிமா, எரிக் வெர்ஹூகன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இந்தத் தடத்தைப் பின்தொடர்ந்தார்கள். 2022-இல் வெளியான அவர்களின் ஆய்வு, அமெரிக்க விதி இறுகிய பிறகு மெக்சிகோவில் பேட்டரி உருக்கும் ஆலைகளுக்கு மிக அருகில் எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது கூடியது என்று காட்டியது. அதே ஊர்ப்பக்கம் சற்றுத் தள்ளி வாழ்பவர்களோடு ஒப்பிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தார்கள்.

இப்படி நடப்பதைப் பொருளாதார ஆய்வில் ‘மாசுப் புகலிடம்’ என்ற பெயரில் விவாதிக்கிறார்கள். ஒரு நாடு சுற்றுச்சூழல் சட்டத்தை இறுக்கினால், அழுக்கான தொழில் சட்டம் தளர்வாக உள்ள நாட்டில் போய்த் தஞ்சமடையும். இறக்குமதி வரியும் தடைகளும் குறையக் குறைய அந்த இடமாற்றம் எளிதாகும் என்பதே கருத்து. கேட்டவுடன் ‘ஆமாம், அப்படித்தானே நடக்கும்’ என்று தோன்றும். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் ஆராய்ச்சியில் கிடைத்த பதில் அத்தனை நேரானது இல்லை. என் பார்வையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘வணிகம் சுற்றுச்சூழலைக் கெடுக்குமா?’ என்று மொத்தமாகக் கேட்டால் கிடைக்கும் பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது. எந்த மாசு, அது பொருளோடு சேர்ந்து பயணிக்கிறதா, ஆலை வாசலிலேயே தங்கிவிடுகிறதா, வானத்துக்குப் போகிறதா என்று பிரித்துக் கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

நாஃப்டாவில் தொடங்கிய கேள்வி

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் வட அமெரிக்கத் தாராள வணிக ஒப்பந்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. சுருக்கமாக நாஃப்டா. பக்கத்துப் பக்கத்து நாடுகள் தங்களுக்குள் இறக்குமதி வரியை நீக்கி, முதலீட்டுக்கு வழிவிட்டு, ஒரே சந்தைபோல ஆக முயல்வதைப் பிராந்திய ஒருங்கிணைப்பு என்கிறோம். அதில் நாஃப்டா சிறப்பான ஒன்று. பணக்கார நாடு ஒன்றும் அதைவிட மிக ஏழ்மையான நாடு ஒன்றும் நீண்ட நில எல்லையைப் பகிர்ந்துகொண்டு கைகோத்தன.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்புகளுக்குப் பயம் வந்ததற்குக் காரணம் இருந்தது. 1965 முதலே எல்லையோர மெக்சிகோ நகரங்களில் ‘மக்கிலதோரா’ எனப்படும் ஏற்றுமதி ஆலைகள் இயங்கிவந்தன. உதிரிப் பாகங்களை வரியின்றிக் கொண்டுவந்து, பொருத்தி, திரும்ப அமெரிக்காவுக்கே அனுப்பும் ஆலைகள். அந்த நகரங்களின் சாக்கடையும் ரசாயனக் கழிவும் ஏற்கெனவே பெயர்போனவை. ஒப்பந்தம் வந்தால் இது நாடு முழுவதும் பரவாதா?

1991-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜீன் கிராஸ்மன், ஆலன் குரூகர் இருவரும் இதை எண்களோடு பரிசோதித்தார்கள். இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் தொடங்குவது அவர்களுடைய கட்டுரையிலிருந்துதான். வணிகம் பெருகும்போது சுற்றுச்சூழலை மூன்று வழிகளில் தொடும் என்று அவர்கள் பிரித்தார்கள்.

ஒரு வீட்டுச் சமையலறைப் புகையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குப் பதில் இருபது பேருக்குச் சமைத்தால் புகை கூடும். இது அளவு விளைவு: உற்பத்தி பெருகுவதால் வரும் மாசு. வடை, பஜ்ஜியைக் கடையில் வாங்கிக்கொண்டு வீட்டில் சோறு மட்டும் வடித்தால் வீட்டுப் புகை குறையும், கடைப் புகை கூடும். இது கலவை விளைவு: எந்தத் தொழில் எந்த நாட்டில் என்பது மாறுவதால் வருவது. விறகை விட்டு கேஸுக்கு மாறினால் அத்தனையும் சமைத்தும் புகை குறையும். இது நுட்ப விளைவு: அதே பொருளைச் சுத்தமான முறையில் செய்வதால் வருவது. மாசுப் புகலிடம் என்ற பயம் முழுக்க இரண்டாவதைப் பற்றியது. ஆனால் மொத்த விளைவு மூன்றும் சேர்ந்துதான், ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவும் கூடும்.

கிராஸ்மனும் குரூகரும் கண்டவை இரண்டு. முதலாவது, அமெரிக்கா மெக்சிகோவிலிருந்து எதை அதிகம் இறக்குமதி செய்கிறது என்பதை அமெரிக்கத் தொழில்களின் மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு தீர்மானிக்கவில்லை. கூலியும் திறனும்தான் தீர்மானித்தன. இதில் வியப்பில்லை. அன்று பெரும்பாலான அமெரிக்க ஆலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு மிகச் சிறிய பங்கு. கூலி வித்தியாசமோ பல மடங்கு. கூலிக்காக நகரும் ஆலை ஆள் அதிகம் தேவைப்படும் ஆலை. தையல், பொருத்துவேலை போன்ற அவை பெரும்பாலும் அதிகம் புகை கக்காதவை. சிமென்ட், எஃகு, காகிதம், ரசாயனம் போன்ற அழுக்கான தொழில்களுக்கு ஆட்களைவிட மூலதனம்தான் அதிகம் தேவை. மூலதனம் பணக்கார நாடுகளில் மலிவு. ஆக, ஒரு பக்கம் சட்டம் அழுக்குத் தொழிலை ஏழை நாட்டை நோக்கித் தள்ள, மறுபக்கம் மூலதனம் அதைப் பணக்கார நாட்டிலேயே பிடித்து வைக்கிறது.

இரண்டாவது கண்டுபிடிப்புதான் அதிகம் பேசப்பட்டது. பல நாட்டு நகரங்களின் காற்று அளவீடுகளை எடுத்து, அந்தந்த நாட்டின் தனிநபர் வருமானத்தோடு வைத்துப் பார்த்தார்கள். கந்தக டை ஆக்சைடும் புகைத்துகளும் வருமானம் உயரும்போது முதலில் கூடின. ஓர் அளவுக்கு மேல் குறையத் தொடங்கின. அந்தத் திருப்பம் 1985-இன் டாலர் மதிப்பில் தனிநபர் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 5,000 டாலர் என்ற இடத்தில், அல்லது அதற்குச் சற்று முன்னால் வந்தது. மெக்சிகோ அப்போது அந்த வாசலருகே நின்றது. கவிழ்த்த கிண்ணம் போன்ற இந்தக் கோட்டுக்குப் பின்னர் ‘சுற்றுச்சூழல் குஸ்நெட்ஸ் வளைவு’ என்று பெயர் வந்தது. வருமான ஏற்றத்தாழ்வும் இப்படித்தான் முதலில் ஏறிப் பின்னர் இறங்கும் என்று 1955-இல் சொன்ன சைமன் குஸ்நெட்ஸின் நினைவாக வைத்த பெயர்.

இந்த வளைவைச் சிலர் ‘முதலில் பணக்காரர் ஆகுங்கள், காற்று தானாகச் சுத்தமாகும்’ என்று படித்தார்கள். அது தவறான வாசிப்பு. இதில் தானாக நடப்பது எதுவுமில்லை என்று கிராஸ்மனும் குரூகருமே பின்னர் எச்சரித்தார்கள். வருமானம் உயர்ந்தவர்கள் நல்ல காற்று கேட்கிறார்கள், அரசு சட்டம் போடுகிறது, அந்தச் சட்டம் நுட்பத்தை மாற்றுகிறது. நடுவில் இருக்கும் சட்டம் என்ற கண்ணியை எடுத்துவிட்டால் வளைவு இறங்க வேண்டிய அவசியமே இல்லை. கார்பன் டை ஆக்சைடு இதற்கு நல்ல சாட்சி. அது யார் மூக்கையும் எரிப்பதில்லை, உள்ளூரில் யாரும் இருமுவதில்லை. அதனால் வருமானத்தோடு சேர்ந்து நெடுங்காலம் ஏறிக்கொண்டேதான் போனது.

புகலிடத்தைத் தேடியவர்களுக்கு அது ஏன் கிடைக்கவில்லை

அடுத்த பத்தாண்டில் வந்த ஆய்வுகள் பலவும் ‘பெரிதாக ஒன்றும் காணோம்’ என்றே சொல்லின. 2001-இல் வெர்னர் ஆன்ட்வைலர், பிரையன் கோப்லாண்ட், ஸ்காட் டெய்லர் மூவரும் கந்தக டை ஆக்சைடை எடுத்து, வணிகம் பெருகி ஒரு நாட்டின் தனிநபர் வருமானம் 1 சதவீதம் கூடினால் காற்றில் அந்த வாயுவின் செறிவு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டார்கள். கலவை விளைவு சிறியதாக இருந்தது, நுட்ப விளைவு அதை வென்றது. சராசரியில் இது நல்ல செய்தி.

அப்படியானால் பயம் பொய்யா? இங்கேதான் கதை திரும்புகிறது. அரிக் லெவின்சனும் ஸ்காட் டெய்லரும் 2008-இல் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரு தொழிலுக்குள் பல வேலைகள் இருக்கும். சில மிக அழுக்கு, சில சுத்தம். சட்டம் இறுகியதும் மிக அழுக்கான வேலை வெளிநாட்டுக்குப் போய்விடுகிறது என்று வையுங்கள். மிஞ்சியிருப்பது சுத்தமான வேலை. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு குறைவு. இப்போது ஆய்வாளர் வந்து கணக்கெடுத்தால் ‘இந்தத் தொழிலில் மாசுச் செலவு குறைவு, இறக்குமதியோ அதிகம், ஆகவே சட்டத்துக்கும் இறக்குமதிக்கும் சம்பந்தமில்லை’ என்று எழுதுவார். உண்மையில் சட்டத்தால் விரட்டப்பட்டது கணக்கிலிருந்தே மறைந்துவிட்டது! இந்தக் கோளாறைத் திருத்திவிட்டு, 1977 முதல் 1986 வரையான அமெரிக்கத் தொழில்களை அவர்கள் மறுபடி பார்த்தார்கள். எந்தத் தொழில்களில் மாசுச் செலவு அதிகம் கூடியதோ, அவற்றில்தான் கனடா, மெக்சிகோவிலிருந்து வந்த நிகர இறக்குமதியும் அதிகம் கூடியிருந்தது.

இன்னொரு ஆய்வு, 2005-இல் வந்தது, ஒரு நடைமுறை உண்மையைச் சொன்னது. அழுக்கான தொழில்கள் பலவும் எளிதில் நகர முடியாதவை. சிமென்ட் ஆலையைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது, சிமென்ட்டைத் தூரத்திலிருந்து கொண்டுவருவதும் கட்டுபடியாகாது. இப்படிப்பட்டவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், நகரக்கூடிய தொழில்களில் நடப்பது அமுங்கிப்போகும். பழைய பேட்டரி எளிதில் நகரக்கூடிய சரக்கு. அதனால்தான் அங்கே விளைவு பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

எனவே இன்று ஆய்வாளர்கள் இரண்டைப் பிரித்துப் பேசுகிறார்கள். சட்டம் இறுகினால் கொஞ்சம் தொழில் வெளியே போகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் வணிகத் தடையை நீக்கினால் உலகத்தின் அழுக்குத் தொழில் மொத்தமும் ஏழை நாடுகளுக்கு ஓடிவிடும் என்ற பெரிய கூற்றுக்கு ஆதாரம் பலவீனம். அமெரிக்காவின் காற்று சுத்தமானதே அழுக்கை ஏற்றுமதி செய்ததால்தான் என்று சொல்வோர் உண்டு. ஜோசப் ஷப்பிரோவும் ரீட் வாக்கரும் 2018-இல் அதைச் சோதித்தார்கள். 1990-க்கும் 2008-க்கும் இடையே அமெரிக்க ஆலைகளின் காற்று மாசு 60 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் உற்பத்தியோ கணிசமாகக் கூடியது. அந்தக் குறைவுக்குப் பெரும்பங்கு காரணம், அதே பொருளை முன்பைவிடச் சுத்தமாகச் செய்யத் தொடங்கியது. அதற்கு அழுத்தம் கொடுத்தது சட்டம்.

சராசரி எனக்கு ஆறுதல் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பேட்டரி ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் வாழும் பெண் சராசரிக்குள் வாழவில்லை. வணிக ஆய்வுகளைப் படிக்கும்போது இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருப்பது கடினம். வைத்திருக்கத்தான் வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு பத்தி எழுதினால் போதுமா

நாஃப்டா 1994 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பைச் சமாளிக்க, முதலீட்டை இழுப்பதற்காகச் சுற்றுச்சூழல் விதிகளைத் தளர்த்துவது முறையல்ல என்று ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு சேர்த்தார்கள். கூடவே ஒரு துணை ஒப்பந்தம், மான்ட்ரியாலில் ஒரு மூன்று நாட்டுச் சுற்றுச்சூழல் ஆணையம், எல்லையோரக் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்குக் கடன் தர சான் அன்டோனியோவில் ஒரு வங்கி. ஒரு வணிக ஒப்பந்தத்தோடு இவ்வளவு சுற்றுச்சூழல் ஏற்பாடு வந்தது அப்போது புதுமை.

வேலை செய்ததா? எல்லையோர மெக்சிகோ நகரமான திஹுவானாவில் பழைய பேட்டரி உருக்கிய ஓர் ஆலை 1994-இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான டன் ஈயக் கசடு, கீழே இருந்த குடியிருப்பைப் பார்த்தபடி அப்படியே கிடந்தது. அங்கு வாழ்ந்த மக்கள் மான்ட்ரியால் ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். ஆணையம் 2002-இல் உண்மை அறிக்கை வெளியிட்டது. அதற்கு மேல் அதற்கு அதிகாரமில்லை. யாரையும் தண்டிக்கவோ சுத்தம் செய்யச் சொல்லவோ முடியாது. ஆனாலும் அந்த அறிக்கையும் மக்களின் விடாப்பிடியும் சேர்ந்துதான் பின்னர் சுத்தப்படுத்தும் பணிக்கு வழி திறந்தன.

முதலீட்டாளருக்குக் கிடைத்த உரிமையோ பல்லுள்ளது. மெட்டல்கிளாட் என்ற அமெரிக்க நிறுவனம் மெக்சிகோவின் சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தில் அபாயக் கழிவுக் கிடங்கு அமைக்க முயன்றது. உள்ளாட்சி கட்டட அனுமதி மறுத்தது. பின்னர் மாநில அரசு அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. நிறுவனம் நாஃப்டாவின் முதலீட்டு அத்தியாயத்தின்கீழ் வழக்குப் போட்டது. 2000-இல் தீர்ப்பாயம் மெக்சிகோ சுமார் 1.67 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஒரே ஒப்பந்தம், மாசுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு அறிக்கை, முதலீடு போட்டவர்களுக்குப் பணம். 2020 ஜூலையில் நாஃப்டாவுக்குப் பதிலாக வந்த புதிய ஒப்பந்தம் சுற்றுச்சூழலை மைய ஆவணத்துக்குள் ஓர் அத்தியாயமாகவே கொண்டுவந்தது, முதலீட்டாளர் வழக்கு உரிமையையும் வெகுவாகச் சுருக்கியது. அனுபவம் கற்றுத்தந்த திருத்தம் அது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 1987-இல் நடைமுறைக்கு வந்த ஒற்றை ஐரோப்பியச் சட்டம் சுற்றுச்சூழலுக்கு ஒப்பந்த அளவிலேயே அடிப்படை அமைத்தது. பொதுச் சட்டம், அதை அமல்படுத்தப் பொது நீதிமன்றம், வருமானம் குறைந்த உறுப்பு நாடுகளுக்கு நிதி என மூன்றும் சேர்ந்து வந்தன. 1990-களில் ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ், அயர்லாந்து நாடுகளின் சுற்றுச்சூழல், போக்குவரத்துத் திட்டங்களுக்குத் தனி நிதியே இருந்தது. பலவீனமான உறுப்பினரிடம் ‘சட்டத்தை உயர்த்து’ என்று மட்டும் சொல்லாமல், உயர்த்துவதற்கான செலவில் பங்கும் எடுத்துக்கொண்டது பெரிய வித்தியாசம். ஒருங்கிணைப்பு நல்லதா கெட்டதா என்று விவாதிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

செருப்பு சுத்தம், ஆறு?

வணிகம் சட்டத்தைக் கீழே இழுக்கும் என்று மட்டும் நினைக்க வேண்டாம், மேலே தூக்கவும் செய்யும். பெரிய சந்தை ஒன்று தரத்தை உயர்த்தினால், அங்கே விற்க விரும்பும் எல்லோரும் உயர வேண்டியிருக்கும். கார்ப் புகைக்குக் கலிஃபோர்னியா விதித்த கடும் விதிகள் மற்ற மாநிலங்களுக்கும் பரவியதைப் பார்த்து, அரசியல் ஆய்வாளர் டேவிட் வோகல் இதைக் ‘கலிஃபோர்னியா விளைவு’ என்றார்.

இதன் பலமும் எல்லையும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமானால் பாலாற்றங்கரைக்குப் போக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், தரும் தோல் ஐரோப்பாவில் ஷூவாகிறது. 1970-களில் இந்திய அரசு கச்சாத் தோல், அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. நல்ல விலையும் வேலைவாய்ப்பும் வந்தன. கூடவே தோல் தொழிலின் அழுக்கான கட்டங்கள் எல்லாம் இங்கேயே நின்றன. கலவை விளைவுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

1989 இறுதியில் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனால் என்ற ரசாயனத்துக்குத் தடை போட்டது. சில ஆண்டுகளில் சில வகை அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. ஜெர்மனி முக்கியமான சந்தை. சரக்கு திரும்பி வந்தால் டேனரி தாங்காது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியும் கிடைக்க, ஆலைகள் மாற்று ரசாயனங்களுக்கு மாறின. அபாயமான அசோ சாயங்களை இந்தியாவே 1997-இல் தடை செய்தது. எங்கோ ஒரு நாட்டின் சட்டம் இங்கே ஆலைக்குள் வந்து மாற்றம் செய்ததற்கு இது நல்ல சான்று.

அதே காலத்தில் பாலாறு என்ன ஆனது? ஜெர்மன் வாடிக்கையாளரின் காலில் படுவது ஷூ. ஷூவில் விஷம் இருந்தால் அவருக்குக் கவலை. ஆற்றில் விடப்பட்ட உப்பும் குரோமியமும் ஷூவோடு ஜெர்மனிக்குப் போவதில்லை, இங்கேயே கிணற்றில் இறங்குகின்றன. டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே குறிப்பிட்டது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்தது. ஆலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர வேண்டியிருந்தது. 2025-இலும் பாலாறு மாசு உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது என்பதிலிருந்து வேலை முடியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

திருப்பூரிலும் இதே பாடம். பனியன் வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர் துணியின் சாயத்தைச் சோதிப்பார். நொய்யலைச் சோதிக்க அவருக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, கீழே உள்ள விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு வந்த பிறகுதான் திறக்க விட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் குரலும் நீதிமன்றமும் இருந்ததால் நுட்பம் மாறியது.

ஆய்வாளர்கள் இந்த இரண்டுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். பொருளுக்குள் என்ன இருக்கலாம் என்பது பொருள் தரம். பொருளை எப்படிச் செய்ய வேண்டும் என்பது செய்முறைத் தரம். முதலாவது வணிகத்தோடு சேர்ந்து எல்லை தாண்டும். இரண்டாவதுக்கு ஆலை இருக்கும் ஊரிலேயே சட்டமும் அதை அமல்படுத்தும் கையும் வேண்டும்.

அடுத்த நாட்டின் செய்முறையைத் தொடலாமா

பணக்கார நாடுகள் செய்முறையையும் தொட முயன்றதுண்டு. டால்ஃபின்கள் சாகும் விதத்தில் பிடித்த டூனா மீனை வாங்கமாட்டோம் என்று அமெரிக்கா மெக்சிகோவைத் தடுத்தது. 1991-இல் அன்றைய உலக வணிக விதிகளின்படி அமைந்த குழு, டூனா டூனாதான், பிடித்த விதத்தை வைத்துத் தடுக்க முடியாது என்ற பொருளில் மெக்சிகோ பக்கம் முடிவு சொன்னது. நாஃப்டா பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் மெக்சிகோ அதை வலியுறுத்தவில்லை.

அடுத்தது இறால். இழுவலையில் கடலாமை மாட்டினால் தப்பிக்க வழிவிடும் சாதனம் பொருத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்கா தடுத்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் வழக்குப் போட்டன. உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு 1998-இல் சொன்ன தீர்ப்பு நுணுக்கமானது. ஆமையைக் காக்க இப்படி விதி போடுவது தவறில்லை. ஆனால் கரீபியப் பகுதி நாடுகளுக்கு நீண்ட அவகாசமும் உதவியும் தந்துவிட்டு ஆசிய நாடுகளுக்குத் தராதது பாரபட்சம். அமெரிக்கா நடைமுறையைத் திருத்தியது, 2001-இல் அது ஏற்கப்பட்டது. ஆக, செய்முறையைப் பார்க்கலாம், எல்லோரையும் ஒரே நியாயத்தில் நடத்தினால். இது நமக்குத் தூரத்து விஷயமில்லை. இந்தியக் கடலில் பிடிக்கும் இறாலுக்கு இதே காரணத்தால் 2019-இல் அமெரிக்கா தடை போட்டது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆலிவ் ரிட்லி ஆமைகள் செத்து ஒதுங்கியதையும் பார்த்தோம்.

இப்போது விவாதம் கார்பனுக்கு வந்து நிற்கிறது. கார்பனுக்கு ஆறும் இல்லை, ஊரும் இல்லை. எங்கே வெளிவிட்டாலும் பாதிப்பு எல்லோருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் தன் ஆலைகளிடம் கார்பனுக்கு விலை வாங்குகிறது. அதனால் எஃகு ஆலை வெளிநாட்டுக்குப் போனால் ஐரோப்பாவின் கணக்கு மட்டும் சுத்தமாகும், வானம் அப்படியே இருக்கும். அதைத் தடுக்க எல்லையில் கார்பன் கட்டணம் கொண்டுவந்திருக்கிறார்கள். இரும்பு எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு 2023 அக்டோபரில் கணக்குக் கொடுக்கும் கட்டம் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து கட்டணப் பொறுப்பு. ஒரு டன் எஃகு எந்த முறையில் உருவானது என்பதற்கு எல்லையில் விலை வைப்பது, சுருங்கச் சொன்னால் செய்முறைத் தரத்தை வணிகத்தில் ஏற்றும் பெரிய முயற்சி.

இன்றைய வரி அமைப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஷப்பிரோ 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான நாடுகளில் அழுக்கான தொழில்களின் பொருள்களுக்கு இறக்குமதி வரியும் தடையும் குறைவு, சுத்தமானவற்றுக்கு அதிகம் என்று காட்டினார். சதி எதுவும் இல்லை. எஃகு, ரசாயனம் போன்றவை மற்ற ஆலைகளுக்கு மூலப்பொருள். அவற்றை வாங்கும் ஆலைகள் ‘வரியைக் குறையுங்கள்’ என்று அரசை நெருக்குகின்றன. கடையில் முழுப்பொருளை வாங்கும் நம்மைப் போன்றவர்கள் அப்படிக் கூட்டமாகப் போய்க் கேட்பதில்லை. விளைவு, அழுக்குக்கு மறைமுகச் சலுகை.

இந்தியா இந்த எல்லைக் கட்டணத்தை எதிர்க்கிறது. வானத்தில் ஏற்கெனவே சேர்ந்துகிடக்கும் கார்பனில் பெரும்பங்கு பணக்கார நாடுகள் விட்டது. வளர்ச்சி நிலைக்கு ஏற்பப் பொறுப்பும் மாற வேண்டும் என்பதைக் காலநிலை ஒப்பந்தங்களே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய விதியில் கவனிக்க வேண்டிய ஓர் அம்சமும் உண்டு: பொருள் உருவான நாட்டிலேயே கார்பனுக்கு விலை கொடுத்திருந்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். இந்தியா 2023-இல் தன் சொந்தக் கார்பன் வணிகத் திட்டத்தை அறிவித்திருக்கிறது. அதில் எஃகு ஆலைகளுக்கு எவ்வளவு இறுக்கமான இலக்கு வைக்கிறார்கள், கார்பனுக்கு என்ன விலை வருகிறது என்பதைப் பொறுத்து, அந்தப் பணம் ஐரோப்பியக் கருவூலத்துக்குப் போகுமா, இங்கே பழைய உலைகளை மாற்றச் செலவாகுமா என்பது முடிவாகும்.